உறைந்த ஏரியில் ஒரு பந்தயம்

ஹாக்கி என்ற பெயரைக் கேட்டாலே பாரத தேசத்தில் பிறந்தவர்களுக்கு மார்பு சற்று விரியத்தான் செய்யும். 1928-ஆம் வருஷம் ஆம்ஸ்டர்டாமில் நம்மவர்கள் முதன் முதலாகத் தங்கப் பதக்கம் வென்றதும், தியான் சந்தின் மட்டையை விட்டுப் பந்து பிரிய மறுத்ததும், சுதந்திரம் அடைந்த மறு வருஷமே லண்டன் மாநகருக்குச் சென்று பிரிட்டிஷ் கோஷ்டியை நான்கு கோல்களில் தோற்கடித்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த விஷயங்கள். ஆனால் இதே தேசத்தில், இமயமலைக்கு அப்பால், பசும்புல் ஒன்றுகூட முளைக்காத மாதங்களில், கண்ணாடி போன்ற பனிக்கட்டியின் மேல் இன்னொரு ஹாக்கி ஆடப்படுகிறது என்பதும், அதற்காக உயிரை விடக்கூடிய ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. சென்ற ஜனவரி மாதம் லடாக் பிரதேசத்தின் தலைநகரங்களில் ஒன்றான லேவில் பன்னிரண்டு நாட்கள் தங்கி அந்த ஆட்டத்தைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் லடாக்கில் சாலை போடும் இலாகாவில் எஞ்சினீயராக இருக்கிறார். "கோடைக் காலத்தில் லடாக்குக்கு எல்லோரும் வருகிறார்கள், ஸார்! குளிர் காலத்தில் வந்து பாருங்கள். அப்போதுதான் இந்த ஊர் தன் வீட்டுக்குள்ளே இருக்கும்" என்று அவர் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பொங்கல் விடுமுறையுடன் சில நாள் லீவையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டு விட்டேன்.

மூச்சு வாங்கும் ஊர்

டில்லியிலிருந்து ஆகாய விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் லேவுக்குக் கொண்டு சேர்த்து விடுகிறது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் மனிதன் கடல் மட்டத்துக்கு மேல் 11,500 அடி உயரம் ஏறி விடுகிறான். நீலகிரியின் சிகரமான தொட்டபெட்டாவே 8,650 அடிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த உயரத்தின் பெருமை விளங்கும். காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே உண்டு. விமானத்தை விட்டு இறங்கிப் பத்துப் படி ஏறியதும் பத்து மைல் ஓடியவனைப் போல் எனக்கு மூச்சு வாங்கிற்று. முதல் இரண்டு தினங்கள் படுக்கையை விட்டு அதிகமாக நகரக் கூடாது என்று என் மாணவர் கண்டிப்பாக உத்தரவு போட்டு விட்டார். பள்ளிக்கூடத்தில் நான் அவருக்குப் போட்ட உத்தரவுகளுக்கெல்லாம் சேர்த்து வட்டியுடன் திருப்பிக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

தங்குவதற்கு அவர் ஏற்பாடு செய்திருந்தது ஒரு லடாக்கியர் வீடு. நகரத்துக்குச் சில மைல் தூரத்தில், சிந்து நதிக் கரையில் உள்ள சிற்றூர் அது. நண்பகலிலும் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழேயே நின்றது. இரவில் அதற்கும் கீழே பதினைந்து பாகை, சில நாள் இருபது பாகை வரை இறங்கிற்று. குழாய்களில் தண்ணீர் உறைந்து விடுவதால் வாளியில் சுமந்துதான் கொண்டு வர வேண்டும். வீட்டின் நடு அறையில் 'புகாரி' என்ற தகர அடுப்பு இரவும் பகலும் எரிகிறது. குடும்பம் முழுவதும் அதைச் சுற்றித்தான் வாழ்கிறது. வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த தேநீரைக் கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். காப்பி பிரியனான எனக்கு முதல் கிண்ணம் கசாயமாகவும், மூன்றாவது கிண்ணம் ரஸமாகவும், பத்தாவது கிண்ணம் அமிர்தமாகவும் இருந்தது.

அந்த வீட்டார் ஒருவரை ஒருவர் அழைப்பதைக் கேட்பதே ஓர் இன்பம். தகப்பனார் 'அபா-லே', தாயார் 'அமா-லே', மூத்த சகோதரி 'ஆச்சே-லே', மூத்த சகோதரன் 'ஆச்சோ-லே', தம்பி 'நோனோ'. 'லே' என்பது நாம் 'ங்க' என்று சேர்ப்பதைப் போன்ற மரியாதைச் சொல். வீட்டில் மட்டும் அல்ல, கடைத்தெருவிலும் இந்த உறவு முறைதான். காய்கறிக்காரியும் அக்காள்தான், மோட்டார் ஓட்டுகிறவரும் அண்ணன்தான். நம் கிராமங்களில் இன்னும் மிச்சம் இருக்கும் வழக்கம் அங்கேயும் இருப்பதைக் கண்டதும், இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் வந்திருக்கிறோம் என்ற எண்ணமே எனக்கு மறைந்து போயிற்று.

குளம் அரங்கமான கதை

மூன்றாம் நாள் காலையில் அந்த வீட்டின் நோனோ, தோளில் ஒரு கோணிப் பையும் கையில் ஒரு வளைந்த மட்டையுமாகக் கிளம்பினான். வயது இருபத்தொன்று. ஜம்முவில் கல்லூரியில் படிக்கிறவன். குளிர்கால விடுமுறைக்கு வந்திருந்தான். என் மாணவரும் நானும் அவன் பின்னால் சென்றோம்.

ஊர்க் கோடியில் பெரிய வயல் போன்ற ஒரு பள்ளம். அதன் முழுவதும் வெள்ளைப் பளிங்கு பாவினாற்போல் பனிக்கட்டி. கோடையில் அது வெறும் குட்டைதான். டிசம்பர் மாதக் கடைசியில் குளிர் நன்றாக இறங்கியதும், இரவு நேரத்தில் ஊரார் அதில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஒரே தடவையில் நிரப்பி விட்டால் மேலே ஓடு போல் உறைந்து அடியில் தண்ணீராகவே இருக்குமாம். கால் வைத்ததும் விரிந்து விடும். ஆகையால் மெல்லிய படலமாகப் பாய்ச்சி, அது உறைந்ததும் அதன் மேல் இன்னொரு படலம், பிறகு இன்னொன்று என்று அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். கொத்தனார் சுவர் எழுப்புவது போன்ற வேலை. ஆனால் நடுநிசியில், விரல் மரத்துப் போகும் குளிரில் செய்ய வேண்டிய வேலை. அப்படிச் செய்தாலும் பிப்ரவரி மாதம் முடிவதற்குள் சூரியன் எல்லாவற்றையும் கரைத்து விடுகிறான். ஆக வருஷத்தில் சுமார் இரண்டு மாதந்தான் ஆட்டம். முன்னெல்லாம் குளிர் சீக்கிரம் வந்து தாமதமாகப் போகும், இப்போது தாமதமாக வந்து சீக்கிரம் போகிறது என்று அபா-லே வருத்தத்துடன் சொன்னார்.

இந்த ஆட்டம் லடாக்குக்கு வந்தது பட்டாளத்தின் மூலமாக. 1970-க்குப் பிறகு, எல்லையைக் காக்க வந்த போர்வீரர்கள், உறைந்த குளங்களில் பொழுது போக்காக இதைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தாங்களும் இறங்கினார்கள். வாங்குவதற்குக் கடை இல்லை, பணமும் இல்லை. பட்டாளத்துப் பழைய பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு சறுக்கினார்கள் என்று பெரியவர்கள் கதை கதையாகச் சொல்கிறார்கள். லே நகரில் கர்ஸூ என்ற குளம் இந்த ஆட்டத்துக்குப் பெயர் போனது. இன்று என்.டி.எஸ். அரங்கத்தில் பெரிய பந்தயங்கள் நடக்கின்றன. 2024-ஆம் வருஷம் பிப்ரவரியில் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகளின் பனிக்கட்டி ஹாக்கிப் பந்தயங்கள் லேவில்தான் நடைபெற்றன. அதற்கு முந்திய மாதத்தில் ராயல் என்பீல்டு கம்பெனியின் ஆதரவில் புருஷர்களுக்கும் ஸ்திரீகளுக்குமாக ஒரு லீக் பந்தயமும் அங்கே ஆரம்பமாயிற்று. 1955-ல் சென்னையில் தொழிற்சாலை தொடங்கி, இன்றும் அதன் சுற்றுப்புறத்தில் மோட்டார் சைக்கிள் செய்யும் அதே கம்பெனிதான்! பனிக்கட்டியையே காணாத சென்னைக்கும் பனிக்கட்டி ஹாக்கிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் ஏற்பட்டிருப்பதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட பெருமையை என் மாணவரிடம் மறைக்க முடியவில்லை.

அதிரசமும் ஆறு பேரும்

இந்த ஹாக்கியில் பந்து கிடையாது. பந்து பனிக்கட்டியில் துள்ளி ஓடி விடும் அல்லவா? அதற்குப் பதிலாக ரப்பரால் செய்த கறுப்பு வட்டு ஒன்றை உபயோகிக்கிறார்கள். மூன்று அங்குலக் குறுக்களவு, ஒரு அங்குலக் கனம், சுமார் 170 கிராம் எடை. தீபாவளி அதிரசம் ஒன்று சற்று அதிகமாகக் கருகிப் போனால் எப்படி இருக்குமோ, அப்படி. ஆனால் வேகமாக அடிக்கப்பட்ட அந்த அதிரசம் காலில் பட்டால் எலும்பு முறியும். ஆகவே ஆட்டக்காரர்கள் தலையிலிருந்து கால் வரை கவசம் பூண்டு, மகாபாரத யுத்தத்துக்குக் கிளம்பியவர்களைப் போல் காட்சி தருகிறார்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே சமயத்தில் ஆறு பேர்; அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். கோல் ஆறடி அகலமும் நான்கடி உயரமுந்தான். சர்வதேச விதிப்படி இருபது நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகள். கிராமப் பந்தயங்களில் பதினைந்து நிமிஷமாகக் குறைத்துக்கொள்கிறார்கள்.

விதிகளை யெல்லாம் விவரித்து வாசகர்களைக் களைப்படையச் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் உபாத்தியாயர் என்ற முறையில் மூன்று விதிகள் என் கவனத்தைக் கவர்ந்தன. அவை ஆட்டத்தின் விதிகளா, மனிதர்கள் சேர்ந்து வாழ்வதற்கான விதிகளா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முதலாவது, ஆட்டக்காரன் களத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை. முழு வேகத்துடன் சறுக்குவதால் நாற்பது, நாற்பத்தைந்து விநாடிக்குள் கால்கள் ஓய்ந்து விடும். உடனே அவன் பக்கப் பலகைக்கு வந்து வெளியேற, இன்னொருவன் உள்ளே குதிக்க வேண்டும். ஆட்டம் நிற்காது, மத்தியஸ்தரைக் கேட்க வேண்டியதும் இல்லை. லேவின் மெல்லிய காற்றில் இது இன்னும் அவசியம். களைத்த பிறகும் வெளியே வராமல் நிற்கிறவன் கோஷ்டிக்குப் பாரமாகிறான்.

இரண்டாவது, ஒருவன் எதிரியை முறைகேடாகத் தடுத்தாலோ இடித்தாலோ இரண்டு நிமிஷம் தனிப் பெட்டியில் உட்கார வேண்டும். அவன் இடத்துக்கு வேறு யாரும் வர முடியாது. அவன் உட்கார்ந்திருப்பான், மற்றவர்கள் ஓர் ஆள் குறைவாக நின்று அல்லல்படுவார்கள். ஒருவனுடைய கோபத்துக்கு நான்கு பேர் கப்பம் கட்டுகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோல் விழுந்தால் கணக்குப் புஸ்தகத்தில் அடித்தவன் பெயரை மட்டும் எழுதுவதில்லை. அவனுக்கு வட்டைக் கொடுத்தவன் பெயரையும், அந்தக் கொடுத்தவனுக்குக் கொடுத்தவன் பெயரையுங்கூட எழுதுகிறார்கள். கோலுக்கும் ஒரு புள்ளி. உதவிக்கும் ஒரு புள்ளி. அடித்த கையும் கொடுத்த கையும் அங்கே சம மதிப்புள்ளவை.

காப்டன் ஆச்சோ-லே

ஊர்க் கோஷ்டியில் பதினைந்து பேர். அவர்களில் யாரும் ஆட்டத்தினால் பிழைப்பவர்கள் அல்ல. ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறார், இருவர் விவசாயிகள், மற்றவர்கள் விடுமுறைக்கு வந்த மாணவர்கள். காப்டன் முப்பத்தைந்து வயதுள்ள ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர். எல்லோருக்கும் அவர் ஆச்சோ-லே. நம் ஜாதிக்காரராயிற்றே என்று எனக்கு உடனே அவரிடம் பற்று உண்டாகி விட்டது.

அவருக்கு இருந்த பெரிய தலைவலி எங்கள் வீட்டு நோனோதான். சறுக்குவதில் அவனுக்கு நிகர் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. வட்டு அவன் மட்டைக்கு வந்தால் மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு போவான். நான்காவது ஆளிடம் பறிகொடுப்பான். சென்ற வருஷம் ஒரு பந்தயத்தில், வெளியே வரும்படி ஆச்சோ-லே கத்தியும் கேளாமல் களத்திலேயே நின்று, கால் ஓய்ந்து, தன்னைத் தாண்டிப் போன எதிரியை மட்டையால் இழுத்து, இரண்டு நிமிஷம் பெட்டியில் உட்கார்ந்தானாம். அந்த இரண்டு நிமிஷத்தில் இரண்டு கோல் விழுந்தது. இதை அவனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். ஆனால் சொல்லும்போது அடுப்பைத்தான் பார்த்தான்.

அவனை ஆச்சோ-லே எப்படித் திருத்தினார் என்பதை நான் கூர்ந்து கவனித்தேன். ஒரு தடவையாவது அவர் உபதேசம் செய்யவில்லை. இந்தக் குளிர்காலத்தின் முதல் வாரம் முழுவதும் அவனைக் கோலில் நிறுத்தினாராம். அங்கே நின்றவனுக்குத்தான், முன்னால் ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள், யார் காலியாக இருக்கிறார், யாருக்கு வட்டு வராமலே போகிறது என்பதெல்லாம் தெரியும். இரண்டாம் வாரம், துடைப்பம் ஒன்றைக் கொடுத்து, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பனித் தூளைப் பெருக்கும் வேலையை அந்த மளிகைக் கடைக்காரருடன் சேர்ந்து செய்யச் சொன்னார்.

அந்த மளிகைக் கடைக்காரர் நாற்பத்திரண்டு வயதுக்காரர். முப்பத்தாறாவது வயதில் சறுக்கக் கற்றுக்கொண்டவர். குழந்தைகளைப் போல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பழகியதைப் பார்த்து ஊரே சிரித்ததாம். வேகம் கிடையாது, ஆனால் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்பார். "காலையில் ஒரு மணி நேரம் ஒருவருடன் சேர்ந்து பெருக்கினால், சாயங்காலம் அவரைக் களத்தில் பார்க்காமல் இருக்க முடியாது" என்றார் ஆச்சோ-லே. அதற்கு மேல் தம்முடைய போதனா முறையைப் பற்றி அவர் ஒன்றும் விளக்கவில்லை. மூன்றாண்டு பயிற்சிக் கல்லூரியில் கற்றாலும் கிடைக்காத விஷயம் என்று நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

ஆச்சே-லேயின் கதை

நோனோவுக்கு முதன் முதலில் சறுக்கக் கற்றுக்கொடுத்தவள் அவன் தமக்கை. அவளும் ஊர் ஸ்திரீகள் கோஷ்டியில் பின்களத்தில் ஆடுகிறாள். அவள் சிறுமியாக இருந்தபோது, புருஷர்கள் ஆடி முடித்த பிறகு, வெயிலில் பனிக்கட்டி இளகிய நேரத்திலேதான் பெண்களுக்கு இடம் கிடைக்குமாம். கவசமும் அப்படியே: தம்பியோ அண்ணனோ கழற்றிய பிறகு, அந்த ஈரத்துடனேயே மாட்டிக்கொள்ள வேண்டும். இப்போது அந்த ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை வேளை பெண்களுக்கு. யாரும் தாமாகக் கொடுத்து விடவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

லடாக் பெண்களின் விடாமுயற்சி தேசத்துக்கே தெரிந்த கதையாகி விட்டது. சர்வதேசப் பனிக்கட்டி ஹாக்கி சங்கத்தில் இந்தியா 1989-லேயே அங்கம் வகித்தது. ஆனால் ஆடவர் கோஷ்டி முதன் முதலாக அயல் நாட்டுப் பந்தயத்துக்குச் சென்றது 2009-ல், அபுதாபிக்கு. ஸ்திரீகள் கோஷ்டி சென்றது 2016-ல், தைவானுக்கு. பெரும்பாலும் லடாக் பெண்களே கொண்ட அந்தக் கோஷ்டிக்கு அந்தத் தடவை வெற்றி ஒன்றுகூடக் கிட்டவில்லை. மறு வருஷம் பாங்காக் செல்லப் பணம் போதாமல் பொது ஜனங்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று. கொடுத்தார்கள், போனார்கள், பிலிப்பைன்ஸ் கோஷ்டியை 4-3 என்ற கணக்கில் வென்றார்கள். அதுவே முதல் வெற்றி. 2018 ஜனவரியில் கனடா தேசத்தின் புகழ் பெற்ற வீராங்கனையான ஹேலி விக்கன்ஹைசர் லேவுக்கே வந்து இந்தப் பெண்களுடன் ஆடிப் பயிற்சி கொடுத்தார். 2025-ஆம் வருஷம் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் நம் பெண்கள் வெண்கலப் பதக்கம் பெற்றுத் திரும்பினார்கள். வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் உறையும் குளங்களில் பழகியவர்கள் என்பதை நினைத்தால் அந்த வெண்கலத்தின் மாற்று எவ்வளவு உயர்ந்தது என்பது விளங்கும்.

பந்தய நாள்

நான் இருந்த நாட்களில் அக்கம் பக்கத்து ஊர்களுக்குள் லீக் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரின் கடைசிப் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வென்றால் அடுத்த சுற்று. தோற்றால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

அபா-லேக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. லடாக்கில் நன்றாக ஆடும் வாலிபர்களுக்கு ராணுவத்திலும் எல்லைப் படைகளிலும் விளையாட்டு வீரர் என்ற முறையில் உத்தியோகம் கிடைப்பது உண்டு. பயிரிட நிலம் கொஞ்சம், மழை அதைவிடக் கொஞ்சம் என்றுள்ள பிரதேசத்தில் அப்படிப்பட்ட உத்தியோகம் ஒரு குடும்பத்தையே கரை சேர்த்து விடும். அந்தப் பந்தயத்துக்கு அத்தகைய படை ஒன்றிலிருந்து இருவர் ஆட்டக்காரர்களைப் பார்வையிட வரப் போவதாகச் செய்தி. முதல் நாள் இரவு அபா-லே தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடியே மகனிடம் ஏதோ சொன்னார். என் மாணவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "நாளைக்கு நீ கோல் அடிக்க வேண்டும். கொடுத்தவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?" நோனோ பதில் சொல்லவில்லை.

குளத்தைச் சுற்றி முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். கம்பளி அங்கி தரித்த கிழவிகள் ஜபமாலையை உருட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தார்கள். கோல் விழும் சமயத்தில் மட்டும் மாலை நின்றது. செங்கல் வைத்து மூட்டிய அடுப்பில் 'துக்பா' என்ற நூடுல்ஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே ஸ்டோக் மலைத் தொடர் வெள்ளியாக மின்னிற்று. பார்வையிட வந்த இருவரும் ஒரு பெஞ்சியில் கையில் காகிதத்துடன் உட்கார்ந்திருந்தார்கள்.

முதற் பகுதியில் எங்களுக்கு ஒரு கோல், எதிரிக்கு இரண்டு. இரண்டாம் பகுதியில் நோனோ தானே ஒரு கோல் அடித்தான். பிறகு டாக்ஸிக்காரருக்குக் கொடுத்து இன்னொன்று அடிக்கச் செய்தான். கணக்கு மூன்றுக்கு இரண்டு. நான் கோலை விட அதிகமாகக் கவனித்தது வேறு ஒன்றை: ஆச்சோ-லே கையைத் தூக்கியதும் ஒவ்வொரு தடவையும் அவன் நேரே பலகைக்கு வந்து விட்டான். ஒரு தடவை அவனுடைய மட்டையிலேயே வட்டு இருந்தது. அதை எதிர்ப்புறத்துக்குத் தள்ளி விட்டு வந்தான். கூட்டத்திலே சிலர் 'அடடா!' என்றார்கள். அபா-லே தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் பகுதியில் எதிரி சமன் செய்து விட்டான். முடிய இரண்டு நிமிஷம் இருந்தபோது, நடுக் களத்தில் வட்டைப் பறித்துக்கொண்டு நோனோ காற்றைப் போலக் கிளம்பினான். எதிரே ஒரே ஒரு தடுப்பாளனும் கோல்கீப்பரும். வலப் புறத்தில், சற்றுப் பின்னால், மளிகைக் கடைக்காரர் மூச்சு இரைக்க வந்துகொண்டிருந்தார். கூட்டம் எழுந்து நின்றது. தடுப்பாளன் நோனோவை நோக்கி வந்தான். கோல்கீப்பரும் அவன் பக்கமே சாய்ந்தான். நோனோ வட்டை வலப் புறம் தட்டினான். மளிகைக் கடைக்காரர் அடித்தார். 'டங்' என்று கோயில் மணி போல் ஒரு சப்தம். இரும்புக் கம்பத்தில் பட்டு வட்டு வெளியே தெறித்து ஓடிற்று. அதை எதிரி எடுத்துக்கொண்டான். அரை நிமிஷத்துக்குள் நான்காவது கோல் எங்கள் பக்கத்தில் விழுந்தது. விஸில் ஊதி விட்டார்கள்.

இரு கோஷ்டியும் வரிசையாக நின்று ஒருவர் கையை ஒருவர் பற்றிக் குலுக்கினார்கள். இந்த ஆட்டத்தில் அது வழக்கம். மளிகைக் கடைக்காரர் வரிசையின் கடைசியில், முகத்தைத் தூக்காமல் நின்றார். நோனோ தன் இடத்தை விட்டுச் சென்று அவருக்குப் பின்னால் நின்றுகொண்டான். அப்புறம் இருவருமாகத் துடைப்பத்தை எடுத்துப் பெருக ஆரம்பித்தார்கள். மறுநாள் காலையில் பெண்களுக்கு அந்தப் பனிக்கட்டி தேவை அல்லவா?

அடுப்பைச் சுற்றி

அன்று இரவு அந்த வீட்டில் பேச்சு எழ வெகு நேரமாயிற்று. அமா-லே எல்லோர் கிண்ணத்திலும் தேநீர் ஊற்றினாள். கடைசியில் அபா-லே கேட்டார்:

"ஏன் கொடுத்தாய்?"

"அவர் கோலுக்கு நேராக நின்றார், அபா-லே. எனக்கு முன்னால் ஆள் இருந்தான்."

"நீ அவனைச் சுற்றிக்கொண்டு போயிருக்க மாட்டாயா?"

"போன வருஷம் போயிருப்பேன்" என்றான் நோனோ.

ஆச்சே-லே அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அபா-லே, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்னைப் பனிக்கட்டியில் இறக்கியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? 'உன்னால் ஆட முடியுமோ முடியாதோ, நீ விழுந்தால் தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். அவர்களைச் சம்பாதித்துக்கொள்' என்றீர்கள். இவன் இன்றைக்கு ஒருவரைச் சம்பாதித்திருக்கிறான்."

கிழவர் நெடு நேரம் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "கம்பம் இரண்டு அங்குலம் தள்ளி இருந்திருந்தால் ஊரெல்லாம் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, "நாளைக்குக் கடைக்குப் போய் அந்த மனிதரிடம் உப்பு வாங்கி வா. வீட்டில் உப்பு இருக்கிறது, இருந்தாலும் போய் வா" என்றார்.

நோனோ போய் வந்தான். உப்புடன், விலை வாங்காமல் கொடுத்த உலர்ந்த வாதுமைப் பழங்களும் ஒரு பொட்டலம் வந்தது. நான் புறப்பட்ட நாள் வரையில் பார்வையிட வந்தவர்களின் முடிவு தெரியவில்லை. கோஷ்டியிலிருந்து இரண்டு பேருடைய பெயரையும் ஊரையும் அவர்கள் ஆச்சோ-லேயிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னார்கள். யார் அந்த இரண்டு பேர் என்று ஆச்சோ-லேயை நான் கேட்டேன். "முடிவு வரட்டும், ஸார்-லே. இப்போது சொன்னால் மற்றப் பதின்மூன்று பேர் நாளைக்குத் தனித் தனியாக ஆடுவார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

நம் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு என்பது பெரும்பாலும் பரிசு வாங்குகிற இருவர் மூவருக்காகவே நடக்கிறது. கோல் அடித்தவன் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். வட்டைக் கொடுத்தவன் பெயரை எழுதுவதில்லை. லடாக்கின் பனிக்கட்டியை நம் ஊருக்குக் கொண்டு வர முடியாது. கணக்குப் புஸ்தகத்தில் இன்னும் இரண்டு பெயருக்கு இடம் விடும் அந்த வழக்கத்தைக் கொண்டு வருவதற்குப் பனிக்கட்டி வேண்டியதில்லை. இந்த வருஷம் எங்கள் பள்ளியின் கால்பந்துக் கோஷ்டிக்குப் புதிதாக ஒரு நோட்டுப் புஸ்தகம் தைத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு கோலுக்கும் மூன்று கோடுகள் போட்டிருக்கின்றன. முதல் இரண்டு வாரங்கள் பிள்ளைகள் நகைத்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து, ஆட்டம் முடிந்ததும் இரண்டாவது கோட்டில் தன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொருவனாக வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள்.